வெள்ளோட்டத்தில் ஏறும் மகளுக்கு

சாமி,

நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம். நீ கூரியரில் அனுப்பிய படிவமும் நன்றாகத்தான் இருக்கிறது. முருகன் படத்துக்குப் பக்கத்தில், கரண்ட் அட்டைக்கு அடியில் பத்திரமாக வைத்திருக்கிறோம். பதினொரு நாளாக அது ஏன் அங்கேயே கிடக்கிறது என்று நீ மூன்று முறை போன் செய்து கேட்டுவிட்டாய். முதல் முறை அம்மாவுக்கு முழங்கால் வலி என்றேன். இரண்டாம் முறை பேனா எழுதவில்லை என்றேன். மூன்றாம் முறை நான் வாயைத் திறப்பதற்குள் நீயே சிரித்துவிட்டு, பயமாக இருந்தால் பயம் என்று சொல்லுங்கள் அப்பா, நான் கோபித்துக்கொள்ள மாட்டேன் என்றாய். பயம் இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் படிவம் நின்றுபோனது பயத்தால் அல்ல. முப்பத்தைந்து வருடம் பட்டறை இரைச்சலுக்கு மேல் கத்திப் பேசியே பழகியவன் நான். மெதுவாகச் சொல்ல வேண்டிய விஷயத்தைப் போனில் சொல்ல எனக்கு வராது. அதனால் எழுதுகிறேன். நீ எப்படியும் இதை உன் கூட வேலை செய்கிறவர்களிடம் காட்டுவாய் என்று தெரியும், ஆகவே உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

விண்வெளிக்குப் போகிறவர்களின் உயிரைக் காப்பாற்றும் ஏற்பாடுகளில் ஆறு வருடமாக வேலை செய்கிறாய். இப்போது நீயே போகிறேன் என்று விண்ணப்பம் போட்டு, முதல் இரண்டு தேர்வுகளையும் தாண்டிவிட்டாய். இது உறவில் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்த மீதிப் பேர், மாப்பிள்ளை பார்க்கிற வயசில் ராக்கெட் பார்க்கிறாளே என்று என்னிடம் துக்கம் விசாரிக்கிறார்கள். மாப்பிள்ளை கிடைத்தால் ராக்கெட்டில் இடம் இருக்கிறதா என்று கேட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பி வைக்கிறேன். அதெல்லாம் கிடக்கட்டும். அந்தப் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் எங்கள் இரண்டு பேர் கையெழுத்துக்கும் மேலே ஒரு வரி இருக்கிறது. இந்தப் பயணத்தில் உள்ள ஆபத்துகள் எங்களுக்கு முழுமையாக எடுத்துச் சொல்லப்பட்டன, நாங்கள் புரிந்துகொண்டோம் என்று அந்த வரி சொல்கிறது. நான் அங்கேதான் நின்றுவிட்டேன். போன மாதம் நீ வந்திருந்தபோது, தட்டில் தோசையை வைத்துக்கொண்டு, அம்மா கேட்டதற்கு நீ என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? "பிளைட்ல போற மாதிரிதாம்மா. கொஞ்சம் ஒசரம் சாஸ்தி, அவ்ளோதான்." அம்மாவுக்கு நிம்மதி. இன்னொரு தோசை வைத்தாள்.

அம்மாவுக்கு விமானம் என்றால் சென்ற வருடம் சேலத்தில் ஏறிப் பெங்களூருவில் இறங்கிய அந்த ஒரு பயணம்தான். நீ டிக்கெட் எடுத்து அனுப்பியிருந்தாய். ஏறியதிலிருந்து இறங்கும்வரை அவள் முகத்தைத்தான் நான் பார்த்துக்கொண்டு வந்தேன். வெளியே மேகத்தைப் பார்த்து அவள் அசந்துபோனதாக நீ எல்லோரிடமும் சொல்கிறாய். அவள் அசந்தது மேகத்துக்கு அல்ல. கிளம்புவதற்கு முன்னால் அந்தப் பணிப்பெண் நின்றுகொண்டு பெல்ட் எப்படிப் போடுவது, கதவு எங்கே இருக்கிறது, மூச்சு முட்டினால் எதைப் பிடித்து இழுப்பது, தண்ணீரில் இறங்கினால் எதை ஊதுவது என்று கையை நீட்டி நீட்டிக் காட்டினாள் அல்லவா? சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா மட்டும் பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி கேட்டாள். வீட்டுக்கு வந்த பிறகும் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். என்னென்ன கெட்டுப்போகலாம் என்று முதலில் சொல்லிவிட்டு அப்புறம்தான் வண்டியை எடுக்கிறார்கள், இந்த மரியாதை நம் பக்கத்துப் பஸ்ஸில் உண்டா என்றாள். இதை நீ மனதில் வைத்துக்கொள்.

இந்தப் பதினொரு நாளில் நான் சும்மா இருக்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனில் கிடைத்ததை எல்லாம் படித்தேன். புரியாததை இரண்டு தடவை படித்தேன். எனக்குத் தெரிந்த ஒரே வித்தை லாரிக்கு ஏர் பிரேக் போடுவது. அதை வைத்துத்தான் எதையும் அளப்பேன். காற்று அழுத்தித்தான் பிரேக் பிடிக்கிறது, காற்றுப் போனால் வண்டி ஓடிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஓடும்போது காலால் மிதிக்கிற பிரேக் அப்படித்தான். ஆனால் வண்டியை நிறுத்தி வைக்கிற பிரேக் தலைகீழ். உள்ளே ஒரு பெரிய ஸ்பிரிங் எப்போதும் பிடிக்கத் தயாராக இருக்கும். காற்றுதான் அதைப் பிடிக்க விடாமல் அமுக்கி வைத்திருக்கும். காற்று முழுக்கப் போய்விட்டால் ஸ்பிரிங் விரிந்து வண்டி நின்றுவிடும். எது கெட்டாலும் நிற்கிற பக்கமாகக் கெட வேண்டும். எங்கள் தொழிலுக்கு அவ்வளவுதான் வேதம். விமானத்தில் நிற்கிற பக்கம் என்று ஒன்று கிடையாது என்றாலும் இறங்குகிற பக்கம் இருக்கிறது. ஒரு இஞ்சின் போனால் இன்னொன்று, இரண்டும் போனாலும் சிறகை விரித்துக் கொஞ்ச தூரம் மிதந்து வரும், போகிற ஊர் சரியில்லை என்றால் பக்கத்து ஊர். எங்கோ ஒரு நாட்டில் ஒரு விமானத்தில் ஒரு சாமான் விரிசல் விட்டால், அதே மாதிரி விமானம் ஓடுகிற எல்லா நாட்டுக்கும் சொல்லி அனுப்பி, எல்லாவற்றையும் திறந்து பார்க்கச் சொல்கிறார்களாம். தொப்பூர் கணவாயில் பிரேக் காய்ந்து புகை விட்டுக்கொண்டு இறங்கும் லாரிகளைப் பார்த்தவன் சொல்கிறேன், பெங்களூருக்கு நீ விமானத்தில் போகும் நாளில் நான் நிம்மதியாகத் தூங்குகிறேன். பஸ்ஸில் வரும் நாளில்தான் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன்.

விண்வெளி அப்படி இல்லை. இதுவரை மேலே போனவர்கள் எல்லா நாட்டையும் சேர்த்து எழுநூறு பேரை ஒட்டித்தான் வருகிறார்கள். நம் ஊர்க் கல்யாண மண்டபத்தில் இரண்டு பந்தியில் சாப்பிட்டு முடித்துவிடுவார்கள். அந்தப் பந்தியில் ஒரு வரிசை, இருபது இலைக்குக் கொஞ்சம் குறைவாக, ஆள் இல்லாமல் கிடக்கிறது. போன வழியிலோ வந்த வழியிலோ போய்விட்டவர்கள். விமானத்துக்கு இந்தக் கணக்கு இருந்தால் நாளைக் காலையில் உலகத்தில் ஒரு விமான நிலையம் திறந்திருக்காது. இதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஏன் இப்படி என்று யோசித்தபோது நம் ஊர் வார்த்தை ஒன்று கிடைத்தது. புதுத்தேர் செய்தால் சாமியை ஏற்றாமல் வெறும் தேரை ஒரு முறை வீதியில் இழுத்துப் பார்ப்பார்கள். புது லாரிக்குப் பாடி கட்டினாலும் லோடு ஏற்றுவதற்கு முன் ஒரு முறை ஓட்டிப் பார்ப்போம். வெள்ளோட்டம். விமானம் வெள்ளோட்டத்தை எப்போதோ முடித்துவிட்டது. ஒவ்வொரு நாளும் லட்சக்கணக்கான பேர் ஏறி இறங்கி, எது எங்கே தேயும் என்று ஒவ்வொரு திருகுக்கும் தெரிந்துவிட்டது. விண்கலம் இன்னும் வெள்ளோட்டத்திலேயே இருக்கிறது. முதலில் ஆளில்லாமல் அனுப்பிப் பார்க்கிறீர்கள், பொம்மையை உட்கார வைத்து அனுப்பிப் பார்க்கிறீர்கள், எல்லாம் சரி. ஆனால் எத்தனை ஓட்டம் ஓடினால் வெள்ளோட்டம் முடிந்தது என்று கணக்கு? நான் படித்தவரை, ஆள் ஏறிய பிறகும் அது வெள்ளோட்டம்தான். நீ கேட்கிற இடம் அதில்தான்.

இதற்காகத்தான் உன்னிடம் சொல்லாமலே வைத்திருந்த ஒன்றைச் சொல்லப்போகிறேன். அம்மாவின் இடது மணிக்கட்டு கொஞ்சம் கோணலாக இருக்கும். தோசை திருப்பும்போது தெரியும். குளியலறையில் வழுக்கி விழுந்தாள் என்று உனக்குச் சொல்லி வளர்த்தோம். அவள் குளியலறையில் விழவில்லை.

உனக்கு மூன்று வயசு. நாமக்கல்லில் பட்டறை போட்டு எனக்கு நாலைந்து வருடம் ஆகியிருந்தது. பாடி கட்டி முடித்த ஒரு புது லாரிக்கு நான்தான் பிரேக் வேலை பார்த்தேன். அந்த ஸ்பிரிங் பிரேக் அப்போதுதான் நம் பக்கம் பரவலாக வந்துகொண்டிருந்தது. பாடி கட்டும்போது வெறும் சேசிஸை இஞ்சினைக் கிளப்பாமல் அங்கும் இங்கும் தள்ள வேண்டியிருக்கும். காற்று இல்லாததால் ஸ்பிரிங் பிடித்துக்கொண்டு நகர விடாது. அதற்குப் பின்சக்கரம் ஒவ்வொன்றிலும் ஒரு நீள போல்ட்டைச் செருகி முறுக்கி ஸ்பிரிங்கைச் சுருக்கிக் கட்டி வைப்போம். வேலை முடிந்ததும் போல்ட்டைக் கழற்றிவிட வேண்டும். கழற்றாவிட்டால் வண்டி ஓடும், காலால் மிதித்தால் நிற்கவும் செய்யும். ஆனால் நிறுத்திவிட்டு இறங்கினால் பிடித்து வைக்க எதுவும் இருக்காது. அன்று வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம் பிறக்கிறது. மணி பத்தேகால். லாரி முதலாளி கையில் தேங்காயோடு அவசரப்படுத்துகிறார். நேரம் போகுது, நேரம் போகுது என்று ஆளாளுக்குச் சத்தம். புது வண்டி கோயிலுக்குப் போகும்போது குடும்பத்தோடு ஏறிக்கொள்வது வழக்கம். நம்மையும் கட்டாயம் ஏறச் சொன்னார் முதலாளி. அம்மா உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஏறுவதற்கு முன்னால் என்னிடம் மெதுவாகக் கேட்டாள்.

"ஏனுங்க, பிரேக்கெல்லாம் பாத்துப்போட்டீங்களா?"

நாலு பேர் எதிரில், பிரேக் மெக்கானிக்கைப் பார்த்து அவன் பெண்டாட்டி கேட்கிற கேள்வியா இது என்று எனக்குச் சுருக்கென்றது. அவள் பயப்படவும் கூடாது. "பாத்தாச்சு, ஏறு" என்றேன். பார்க்கவில்லை. பார்த்திருந்தால் பின்சக்கரத்தில் இரண்டு போல்ட்டும் துருத்திக்கொண்டு இருந்தது தெரிந்திருக்கும்.

கோயில் வாசல் ஏரிக்கரைச் சரிவில் இருந்தது. டிரைவர் வண்டியை நிறுத்தி, பிரேக் லீவரை இழுத்துவிட்டு, கீழே இறங்கினார். முன்சக்கரத்துக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தோம். பின்சக்கரத்துக்குப் பின்னால் கட்டை வைக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. கற்பூரம் கொளுத்தும்போதே வண்டி பின்னால் நகர ஆரம்பித்தது. மேலே பத்துப் பன்னிரண்டு பேர். நான் வண்டியைப் பிடித்து நிறுத்தப் போகிறவன் மாதிரி கூடவே ஓடினேன். கரையில் கொட்டியிருந்த மணல் குவியலில் ஏறி நின்றது, அது உன் அதிர்ஷ்டம். அந்தக் குலுக்கலில் எல்லோரும் சரிந்து விழ, அம்மா உன்னை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கையை ஊன்றி விழுந்தாள். உனக்கு ஒரு கீறல் இல்லை. நீ எலுமிச்சம்பழம் எங்கே என்று கேட்டு அழுதாயாம்.

என் தப்பு அதோடு முடியவில்லை. முதலாளி டிரைவரைத்தான் திட்டினார். அந்த மனுஷன் லீவரை இழுத்துத்தான் விட்டேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். அன்றே அவரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். கூட்டம் கலைந்த பிறகு, யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து இரண்டு போல்ட்டையும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். மூன்றாம் நாள் அம்மாவிடம் போல்ட்டைக் காட்டிச் சொன்னேன். கட்டுப் போட்ட கையோடு உட்கார்ந்திருந்தாள். திட்டவில்லை, அழவில்லை. "அந்த மனுசங்கிட்டயும் மொதலாளிகிட்டயும் போயிச் சொல்லிப்போட்டு ஊட்டுக்கு வாங்க. அப்பறம் சோறு போடறேன்" என்றாள். போய்ச் சொன்னேன். முதலாளி எனக்கு அதன் பிறகு வேலையே தரவில்லை, அது நியாயம். டிரைவரைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார். அன்று இரவு சாப்பிட்ட சோறு மாதிரி ஒரு சோறு நான் இதுவரை சாப்பிட்டதில்லை.

அன்றிலிருந்து நம் பட்டறையில் 'பாத்தாச்சு' என்ற வார்த்தைக்குத் தடை. எதைப் பார்த்தாய், எப்படிப் பார்த்தாய் என்று சொல்ல வேண்டும். இன்னொன்றும் செய்தேன். பின்சக்கரத்தில் போல்ட் செருகினால், அம்மாவின் பழைய சிவப்புச் சேலையில் கிழித்த ஒரு துணியை ஸ்டியரிங்கில் கட்ட வேண்டும். போல்ட்டைக் கழற்றிக் கையில் கொண்டுவந்து காட்டினால்தான் துணி அவிழும். நீ வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு படம் காட்டினாய். ராக்கெட் பக்கத்தில் ஆள் வேலை செய்யும்போது பாதுகாப்புக்கு ஊசி செருகி வைப்போம், மறந்துபோகாமல் இருக்க அதில் சிவப்பு நாடா தொங்கும், கிளம்பும்முன் எடுத்து எண்ணிப் பார்ப்போம் என்றாய். நான் ரொம்ப நேரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ நான் ராக்கெட்டைப் பார்ப்பதாக நினைத்தாய். உன் அம்மாவின் சேலை அவ்வளவு தூரம் போயிருக்கிறதே என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷம் இன்னும் இருக்கிறது.

ஆகவே உன்னைப் போகாதே என்று சொல்ல நான் வரவில்லை. உன்னை மாதிரி ஆட்கள் ஏறாவிட்டால் வெள்ளோட்டம் எப்போது முடியும்? விமானத்திலும் முதலில் யாரோ ஏறித்தானே அம்மா போன வருடம் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தாள்? நான் சொல்வது வேறு. உங்களுக்கும் ராகு காலம் உண்டு என்று படித்தேன். இந்த நிமிஷத்துக்குள் கிளம்ப வேண்டும், தவறினால் இன்னொரு நாள் என்று ஒரு நேரம் குறித்திருப்பார்களாம். தேசமே டி.வி. முன்னால் உட்கார்ந்திருக்கும். பெரிய மனிதர்கள் வந்து காத்திருப்பார்கள். நேரம் போகுது என்று யாரும் வாயைத் திறந்து சொல்லவே வேண்டாம், காற்றிலேயே அது இருக்கும். அந்த இடத்தில் உனக்கு ஏதாவது உறுத்தினால், நிறுத்துங்கள் என்று சொல். உறுத்தியது ஒன்றுமில்லை என்று பிறகு தெரிந்தாலும் பரவாயில்லை, நாலு பேர் சிரிப்பார்கள். நல்ல நேரம் இன்னொன்று வரும். யாராவது உன்னிடம் மெதுவாக வந்து பார்த்துவிட்டாயா என்று கேட்டால், அவர் எவ்வளவு சின்னவராக இருந்தாலும், உனக்குச் சுருக்கென்று வந்தால், அந்தச் சுருக்கைக் கவனி. நான் விழுந்தது அதில்தான்.

நீ அம்மாவிடம் விமானம் மாதிரிதான் என்று சொன்னது அவள் பயப்படக் கூடாதே என்றுதான். எனக்குத் தெரியும். நானும் அன்றைக்கு 'பாத்தாச்சு' என்று அதற்காகவும்தான் சொன்னேன். போன வியாழக்கிழமை அவள் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது நான் படித்ததை எல்லாம் அவளிடம் சொன்னேன். பந்தி, காலி இலை, வெள்ளோட்டம், எதையும் மறைக்கவில்லை. வெங்காயத்தை விடாமல் கேட்டாள். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நடுவுல எறங்கோணும்னா எறங்க முடியுமுங்களா?"

கிளம்பின கொஞ்ச நேரம் வரைக்கும் முடியும் என்றேன். ராக்கெட்டில் ஏதாவது கெட்டால், ஆள் இருக்கிற கூண்டை மட்டும் பிய்த்துக்கொண்டு தூரமாகப் போய்க் குடையில் இறக்க ஒரு ஏற்பாடு இருக்கிறது, நம் மகள் வேலையே அதில்தான் என்றேன். அதற்கு மேலே போன பிறகும், திரும்பி வரும்போதும், நினைத்த இடத்தில் இறங்க முடியாத நேரம் உண்டு என்றும் சொன்னேன். அம்மா ஒரு வெங்காயத்தை உரித்து முடித்தாள். "பின்ன எதுக்கு அவ பிளைட்டு மாதிரின்னா?" என்றாள். பிறகு அவளே, "உங்க புள்ளதான" என்று சொல்லிச் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயம் என்றாள். சரி என்றேன்.

மறுநாள் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இங்கிலீஷில் இருக்கிற இருபத்திரண்டு பக்கத்தையும் போனில் வார்த்தை வார்த்தையாக அர்த்தம் தேடி நாலு நாள் படித்தாள். ஓரத்தில் பென்சிலால் பதினான்கு கேள்வி எழுதி வைத்திருக்கிறாள். ஏழாவது கேள்வி எனக்கே விளங்கவில்லை, நீதான் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கிளம்பி வா. தோசையைத் தள்ளி வைத்துவிட்டு, அந்த விமானப் பணிப்பெண் மாதிரி அம்மாவுக்கு எதிரில் நின்று, என்னென்ன கெட்டுப்போகலாம் என்று முதலிலிருந்து சொல். தெரியாததைத் தெரியாது என்று சொல். அவள் தாங்குவாள். மூன்று வயசில் உன்னைத் தாங்கிய கை அது.

படிவத்தை உனக்குத் திருப்பி அனுப்பவில்லை, இங்கேயே இருக்கிறது. நேற்றுக் காலையில் கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். ஆபத்துகள் முழுமையாக எடுத்துச் சொல்லப்பட்டன என்ற வரிக்குக் கீழே, அம்மா கையெழுத்துப் போட்டிருக்கிறாள். பென்சிலால், மெல்லிசாக. ஏன் பென்சில் என்று கேட்டேன். "அவ வந்து சொல்லட்டும். அப்பறம் அது மேலயே பேனாவுல எழுதிக்கறேன்" என்றாள். நானும் அவள் பெயருக்குப் பக்கத்தில் என் பெயரைப் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.

பேனா நன்றாகத்தான் எழுதுகிறது, சாமி. இந்தக் கடிதம் முழுக்க அதில்தான் எழுதினேன்.

உன் அப்பா